ஏணி இல்லாத காடு

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் மரம் செய்கிறேன் என்று சொன்னால், "மரச்சாமானா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சாமான் இல்லை, மரமேதான். பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் அதற்கு முன்பே அட்டையில் சின்னதாக ஒன்று செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். வீடு வாங்க வருகிறவர்கள் அதைச் சுற்றி வந்து, குனிந்து, நம் ஜன்னல் இதுவா அதுவா என்று தேடுவார்கள். அந்த அட்டைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு மரங்கள் நிற்கும். அவற்றையும் யாரோ உட்கார்ந்து செய்யத்தானே வேண்டும். தாராவியில் எங்கள் சந்தில் நானும் மேல்வீட்டு மதினியும் செய்தோம். பிறகு அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார்.

உடம்புக்குக் கஷ்டமான வேலை இல்லை, கண்தான் போகும். பழைய சாமான் கடையிலிருந்து வரும் ஒயரை உரித்தால் உள்ளே தலைமுடி மாதிரி செம்புக் கம்பிகள் கட்டாக இருக்கும். ஒரு பிடி எடுத்து முறுக்கினால் அடிமரம். மேலே பிரித்து விரித்தால் கிளை. குஷன் தைக்கிற இடத்தில் மிஞ்சும் ஸ்பாஞ்சை மிக்ஸியில் அரைத்து, பச்சைச் சாயம் ஏற்றிக் காயவைத்து, பசையில் தோய்த்த கிளையை அதில் புரட்டினால் இலை. எங்கள் நகக்கண்ணில் எப்போதும் பச்சை இருக்கும். மதினி சப்பாத்தி மாவு பிசைந்தால் அதிலும் ஒரு பொட்டுப் பச்சை தெரியும். "மரம் தின்னு வளருதோம்" என்பாள்.

அண்ணாச்சி மதினியின் புருஷன்; என்னைத் தங்கச்சி என்பார், ஆனால் ரத்த உறவு கிடையாது. அவர்களுக்கும் எனக்கும் திருநெல்வேலிப் பக்கம் அடுத்தடுத்த ஊர். நான் அவளை மதினி என்று கூப்பிடத் தொடங்கியதால் அவர் அண்ணாச்சி ஆனார். கீழ் அறையில் நான், மேல் அறையில் அவர்கள். இரண்டு அறைக்கும் நடுவே வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்பு ஏணி. அதன் உச்சியில், ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற மாதிரி வாசல்.

அவர் கைவண்டி இழுத்தவர். போன மழைக்காலத்தில் தண்ணீர்க் கேனோடு அந்த ஏணியிலிருந்து விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நான்கு பேர் தூக்கி, திட்டி, திட்டு வாங்கி மேலே ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவேயில்லை. எலும்பு கூடிவிட்டது, இனிமேல் தினமும் சமதரையில் நடக்க வேண்டும், நடக்காமல் விட்டால் கால் இப்படியே மரத்துப்போய் நின்றுவிடும் என்று டாக்டர் மதினியிடம் சொல்லியிருந்தார். மேல் அறையில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அண்ணாச்சி காலையில் வாசலில் வந்து உட்கார்ந்து ஏணியைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே நகர்ந்துவிடுவார்.

"முதுகுல தூக்கிட்டு எறக்கட்டுமா?" என்று சந்துப் பையன்கள் கேட்டார்கள்.

"பாதி ஏணில ஒன் காலு வழுக்குச்சுன்னா? எனக்கு ஒரு காலு போனது போதும். ஒனக்கு வேற எதுக்குலே" என்றார்.

மான்குர்த்தில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்கு அவரை அழைத்துப் போய்விடலாமா என்றுகூட மதினி யோசித்தாள். அவர்கள் ஏழாவது மாடி. லிஃப்ட் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. "இந்த மேலேர்ந்து அந்த மேலயா? அதுக்கு இதுவே போதும்" என்று அவளே அதை விட்டுவிட்டாள்.

இன்னொரு வழியும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மேல்வீட்டுக்கு பீரோ வந்தாலும் கட்டில் வந்தாலும் ஏணி வழியாகப் போகாது. கூரையின் தகர ஷீட்டை, பத்ரா என்போம், நட்டைக் கழற்றி விலக்கிவிட்டு, கயிறு கட்டி மேலே தூக்கி, கூரை வழியாக உள்ளே இறக்குவார்கள். வீட்டுக்கு வீடு கூரை ஒட்டிக்கொண்டிருப்பதால் ரோட்டோரக் கட்டடத்தின் சிமென்ட் படியில் ஏற்றினால் போதும், கைமாற்றிக் கைமாற்றிச் சாமான் வந்து சேர்ந்துவிடும். கல்யாணம் நடக்கிற மாதங்களில் பீரோக்கள் தலைக்கு மேலே நடந்து போவதைப் பார்க்கலாம். மேல்வீட்டில் யாராவது இறந்து, உடல் கனத்து, ஏணியில் இறக்க முடியாமல் போனாலும் பத்ராவைத்தான் திறப்பார்கள்.

மதினி ஒருநாள் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தாள். அண்ணாச்சி முறுக்கிக்கொண்டிருந்த கம்பியை வைத்துவிட்டார்.

"பீரோவும் பொணமும் போற வழி அது. நான் பீரோ இல்ல."

"மத்ததும் இல்லல்லா. பொறவு என்ன?"

"ஆகறதுக்கு முன்னால என்னத்துக்கு அந்த வழி?" என்றார். கம்பியை மறுபடி எடுத்து முறுக்கினார்.

மாதுங்காவிலிருந்து அந்தப் பெண் வந்தது மார்ச் கடைசியில். கட்டடம் வரைகிற படிப்பு முடித்து வேலையில் இருந்தாள். தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக பம்பாய். பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்கமாட்டாள். மாடல் செய்கிற கடைக்காரரிடம் மரம் எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு நேராக எங்கள் சந்துக்கே வந்துவிட்டாள். ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள். அண்ணாச்சி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பைத் திறந்து ஒரு படம் காட்டினாள். தாராவி மாதிரி நெருக்கமான கூரைகள். அவற்றுக்கு நடுவே இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒல்லியான தூண்கள். தூண்களின் மேல், கூரைகளுக்கெல்லாம் குடை பிடித்த மாதிரி ஒரு காடு. குளம், பாதை, பெஞ்சு, பறவைக்கென்று மனிதர்கள் போகாத ஒரு மூலை. அங்கங்கே வட்டமான ஓட்டைகள். கீழே இருக்கிற சந்துகளுக்கு வெயிலும் மழையும் அந்த வழியாக வரும் என்றாள்.

"சிட்டில தரையே இல்ல ஆன்ட்டி. அதான் தரையைத் தூக்கிடலாம்னு தோணித்து. யாரையும் காலி பண்ணச் சொல்ல வேண்டாம். வீடெல்லாம் அப்படியே இருக்கட்டும். மேல போனா காடு."

மதினி படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். "செடிக்கு ஊத்துற தண்ணி எங்க தலைலல்லா விழும்?"

"விழாது ஆன்ட்டி. வடிகட்டி டாங்குக்கு வரும். அதுலேர்ந்து குழாய்க்கு."

"நெசமாவே கட்டப்போறீயளா?"

"இல்ல, இது ஒரு காம்பெடிஷன். யாரும் கட்டமாட்டா. இப்படியும் யோசிக்கலாம்னு காட்டறதுதான்."

"கட்டாததுக்கா இம்புட்டு மரம்" என்றாள் மதினி. குறை சொல்கிற குரல் இல்லை. அடுப்பில் எவ்வளவு அரிசி வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற குரல்.

அவள் மூடப் போகும்போது அண்ணாச்சி கேட்டார்: "இதுக்கு ஏறிப் போறது எப்படிம்மா?"

அவள் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். ரோட்டிலிருந்து ஒரு பாதை வளைந்து வளைந்து மெதுவாக மேலே போனது. "சாய்வா ஏறும் அங்கிள். வீல்சேர் போலாம், குழந்தை பிராம் போலாம். படியே கிடையாது."

"ஏணி?"

"ஏணி எதுக்கு? இல்ல."

"அப்பம் செய்வோம்" என்றார் அண்ணாச்சி. வேலையை ஒப்புக்கொள்ள வேண்டியது நான். அவர் முந்திக்கொண்டார்.

அவளுக்குக் கடையில் கிடைக்கிற ஒரே மாதிரி உருண்டை மரம் வேண்டாம். மாமரம் மாமரமாக, நாவல் நாவலாகத் தெரிய வேண்டும். எனக்கும் மதினிக்கும் அது கை வரவில்லை. நாங்கள் எதைச் செய்தாலும் கொத்தமல்லிக் கட்டு மாதிரி வந்தது. அண்ணாச்சிக்கு வந்தது. கைவண்டி இழுத்த காலத்தில் மதிய நேரம் மாதுங்காவில் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே படுத்துக் கிடந்தவர். "மல்லாந்து பாத்தவனுக்குத்தான் கெள தெரியும். நடந்து போறவங்களுக்கு எல தான் தெரியும்" என்பார். ஒரு தூங்குமூஞ்சி மரத்தை மட்டும் ஒரு வாரம் செய்தார். மற்ற மரங்களைவிட உயரம் குறைவு, அகலம் மூன்று மடங்கு. நடுவில் அதை வைத்தோம்.

காட்டின் தரை நான்கு பலகையாக வந்தது. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, வாசலில் குறுக்காக நுழைத்து மேலே கொண்டுபோனோம். கீழ் அறையில் செய்திருக்கலாம். ஆனால் அங்கே மிக்ஸித் தூசி, வாசலில் சாக்கடை, எலி. மேலே உலர்ந்த தரை. காவலுக்கு எந்நேரமும் அண்ணாச்சி. பலகைகளைச் சேர்த்து ஒட்டி, சேர்த்த இடம் தெரியாதபடி பச்சையைத் தூவி, அதன் மேல் மரம் நட்டோம். அறையில் பாதியைக் காடு பிடித்துக்கொண்டது. மதினியும் அண்ணாச்சியும் அதைச் சுற்றிப் படுத்து எழுந்தார்கள். எங்கள் சந்தில் பீரோவுக்கு வாசல் போதாது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இதற்குப் போதுமா என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. ஒவ்வொரு மரமும் விரலளவுதானே. விரலளவு மரங்கள் சேர்ந்து கட்டில் அகலம் ஆகும் என்று யார் நினைத்துப் பார்த்தது.

டெம்போ வந்து ரோட்டில் நின்ற காலையில்தான் தெரிந்தது. நாங்கள் காட்டைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். வாசல் சின்னதாக இருந்தது. திருப்பிப் பார்த்தோம். எப்படித் திருப்பினாலும் வாசல் சின்னதாகவே இருந்தது. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் ஏணியில் பாதி வரை ஏறி நின்று பார்த்தாள். கோபப்படவில்லை. "பரவாயில்ல ஆன்ட்டி. ஜாயின்ட்ல கட் பண்ணி எடுத்துண்டு போகலாம். அங்க போய் ஒட்டிக்கறேன்."

"அறுக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

"சின்ன கட்தான் அங்கிள்."

"சேத்த எடத்து மேலதான் என் மரம் நிக்கி. அத ரெண்டாக்குனா ரெண்டு மரம் ஆவாதும்மா. ரெண்டு வெறகுதான் ஆவும்." கொஞ்சம் நிறுத்தி, மேலே கைகாட்டினார். "பத்ராவத் தொறங்க."

மதினியின் சிரிப்பு நின்றது. "பீரோவும் பொணமும்னீய?"

"காடும் போவட்டும்."

ஜூன் பிறந்திருந்தது. எல்லாக் கூரையிலும் தார் பூசி, நீலத் தார்ப்பாய் விரித்து, கயிறு இழுத்துக் கட்டி முடித்த நேரம். அந்தச் சமயத்தில் கூரையைத் திற என்று கேட்பது, சாப்பிட்டுக் கை கழுவியவனை மறுபடி பந்தியில் உட்காரச் சொல்கிற மாதிரி. ஆறேழு பையன்கள் முனகிக்கொண்டே ஏறினார்கள். ஒருவன், "அரே அண்ணாச்சி, இந்தச் சின்னப் பசங்க விளையாட்டு சாமானுக்கா இவ்ளோ லஃப்டா?" என்றான். அடுத்த வீட்டுக்காரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க பத்ரால மிதிச்சு ஒழுகுச்சுன்னா, நீங்கதான் வந்து ராத்திரி பூரா சட்டி புடிச்சிட்டு நிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, தன் கூரையில் எங்கே கட்டை இருக்கிறது, எங்கே மிதிக்கக் கூடாது என்றும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

நட்டுகள் கழன்றன. தார்ப்பாய் விலகியது. இரண்டு ஷீட்டை இழுத்ததும் அறைக்குள் வெயில் பெட்டி மாதிரி இறங்கியது. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் செய்ததை நாங்களே சரியாகப் பார்த்தோம். டியூப்லைட்டில் ஒரே பச்சையாகத் தெரிந்தது, வெயிலில் நாலைந்து பச்சையாகத் தெரிந்தது.

நாலு மூலையிலும் கயிறு. அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றபடி, "மெல்ல, மெல்ல, கெழக்கு மூல தாழுது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். காடு எழும்பி, எங்கள் முகத்துக்கு நேராக வந்து, தலைக்கு மேலே போய், வெளியே போயிற்று. பிறகு அங்கே வெறும் ஆகாயம்.

மேலேயிருந்து ஒருவன் குரல் வந்தது: "சரிச்சுப் புடிச்சா ஈஸியாப் போவும்."

"சரிக்காதிய" என்று அண்ணாச்சி கத்தினார். "பச காயல, சரிக்காதிய." பக்கத்துத் தையல் மிஷின்களின் சத்தத்தில் அவர் குரல் கூரைக்கு மேலே போகவில்லை. இரண்டு முறை கத்தினார். மூன்றாவது முறை கத்தவில்லை. மதினியிடம் திரும்பி, "அந்தச் சேர எடு" என்றார்.

மதினி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பழைய சேலையால் மார்போடு சேர்த்து இரண்டு சுற்றுக் கட்டினாள். காட்டுக்குக் கட்டிய அதே கயிறுகளைப் பையன்கள் கீழே விட்டார்கள். தூக்கும்போது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஏணியின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கூரை விளிம்பு கைக்கு எட்டியதும் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

நானும் வாசலுக்கு வந்து, ஜன்னல் கம்பியில் கால் வைத்துக் கூரைக்கு ஏறினேன்; அந்தப் பெண்ணும் பின்னால் ஏறி வந்தாள். சுற்றிலும் நீலத் தார்ப்பாய்கள், தண்ணீர் டிரம்கள், ஒரு பெயின்ட் டப்பாவில் துளசி, தூரத்தில் கிரேன்கள். அண்ணாச்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூக்கியவர்களில் ஒருவன் கையை உதறினான். "பீரோ மாதிரி கனக்கீய அண்ணாச்சி."

"மத்தது இன்னும் கனக்கும்லே" என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு காடு கூரைமேல் நடந்தது. கட்டை இருக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். முன்னால் மட்டமாகப் பிடித்த காடு, பின்னால் நாற்காலியில் அண்ணாச்சி. ஒரு கூரையில் நின்றவர்கள் அடுத்த கூரையில் நின்றவர்களிடம் இரண்டையும் கொடுத்தார்கள். "இடது பக்கம் தூக்கு. நீ இல்லலே, அவன்." மேல்வீட்டு ஜன்னல்களில் பெண்கள் தலை தெரிந்தது. கீழே சந்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சந்து அவ்வளவு குறுகல். அந்தப் பெண் என் பக்கத்தில் நின்றபடி போனைக் கையில் பிடித்திருந்தாள். படம் எடுத்தாளா என்று நான் கவனிக்கவில்லை.

தோல்பை தைக்கிற கட்டடத்தின் சிமென்ட் படிக்குக் காடு முதலில் போயிற்று. நாற்காலியைப் படியில் இறக்கப் போனபோது அண்ணாச்சி சேலைக்கட்டை அவிழ்த்துவிட்டார். சுவரில் கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, முறிந்த காலை முதலில் வைத்து, நல்லதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். மதினி ஒரு படி கீழே பின்னோக்கி இறங்கினாள், தொடாமல்.

ரோட்டுக்கு வந்தபோது காட்டை டெம்போவில் ஏற்றியிருந்தார்கள். அண்ணாச்சி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்கள் போயின.

"அங்கிள், முன்னாடி சீட்ல ஒக்காந்து வர்றேளா? ஹால்ல வைக்கறதைப் பாக்கலாம்" என்றாள் அவள்.

"நீ போய்ட்டு வாம்மா. தூங்குமூஞ்சிய மட்டும் ஒரு கையால புடிச்சிக்க. நான் கொஞ்சம் ரோட்டப் பாத்துட்டு நிக்கேன்."

அன்று மாலை பெரிய மழை பிடித்தது. ஷீட்டை அவசரமாகப் போட்டு மூடியதில் ஒரு நட்டு எங்கோ விழுந்துவிட்டது. அண்ணாச்சியை மறுபடி மேலே ஏற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்றிரவு அவர் என் அறையில் படுத்தார். நான் மேலே போய் மதினியோடு படுத்தேன். மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் அவளும் பாத்திரங்களோடு கீழே போய்விட்டாள். மிக்ஸியும் ஸ்பாஞ்சு மூட்டையும் என்னோடு மேலே வந்தன. வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று நாங்கள் பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை.

போட்டியில் அவளுக்குப் பரிசு இல்லை. கண்காட்சியில் வைத்தார்கள். அவள் அனுப்பிய படத்தில் நல்ல உடுப்புப் போட்ட இரண்டு பேர் குனிந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூங்குமூஞ்சி நேராக நிற்கிறது. மதினி அதை அண்ணாச்சியிடம் காட்டினாள். "கெழக்கு மூல தாழ்ந்துதான் இருக்கு" என்றார்.

மேலே இப்போதும் ஓரிடத்தில் ஒழுகுகிறது. கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறேன். மழை விட்ட நேரங்களில் அண்ணாச்சி கம்பு ஊன்றித் தெருமுனை வரை போய் வருவார். திரும்பி வரும்போது ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"தங்கச்சி, ஒழுகுதா?"

"ஒழுகுது அண்ணாச்சி."

"ஏறி வந்து பாக்கட்டா?"

"நீங்க நடங்க" என்பேன்.

ஒரு கையை ஏணியின் முதல் கம்பியில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். பதில் கேட்டதும் கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை தெருமுனைக்கு நடப்பார்.